கட்டணம் குறைந்த கல்லூரிக்கு மாறும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பின் நடுவே கட்டணம் கட்ட முடியாமல் திணறும் குடும்பங்களில், வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா என்ற பேச்சு பெரும்பாலும் அடுத்த தவணைக்கான கடைசித் தேதி நெருங்கும்போதுதான் எழுகிறது. அந்த நெருக்கடியில் இரண்டு கல்லூரிகளின் ஆண்டுக் கட்டணங்களையும் ஒரே தாளில் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் மீதியை அப்படியே மிச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கில்தான் மிகப் பெரிய தவறு இருக்கிறது. இன்று தொடங்கிப் பட்டச் சான்றிதழ் கைக்கு வரும் நாள்வரை ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போதைய கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் 100 பங்கு, புதிய கல்லூரியில் 60 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுப் படிப்பில் இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இங்கேயே இருந்தால் இன்னும் 200 பங்கு கட்ட வேண்டும். புதிய கல்லூரி முடித்த இரண்டு ஆண்டுகளையும் முழுமையாக ஏற்றுக்கொண்டால் 120 பங்கோடு படிப்பு முடியும். 80 பங்கு மிச்சம். ஓர் ஆண்டுப் படிப்பை மட்டுமே ஏற்றுக்கொண்டால் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டியிருக்கும். 180 பங்கு ஆகும். மிஞ்சுகிற 20 பங்கைக் கூடுதல் ஓராண்டின் தங்குமிடச் செலவும் சாப்பாட்டுச் செலவும் எளிதில் விழுங்கிவிடும். ஓராண்டு தாமதமாக வேலைக்குப் போவதால் இழக்கும் சம்பளத்தை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. இரண்டு கணக்கிலும் கட்டணங்கள் மாறவில்லை. ஏற்கப்பட்ட பாடங்களின் எண்ணிக்கைதான் மாறியது. ஆகவே அந்த எண்ணிக்கை தெரியாமல் முடிவெடுக்க உட்காரக்கூடாது.

இது எப்போதாவது ஒருவருக்கு நேரும் விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்களைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில், அதாவது முடித்த பாடங்களுக்காகப் பட்டக் கணக்கில் சேரும் அலகுகளில், 43 விழுக்காட்டை இழந்திருந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து மற்றோர் அரசுக் கல்லூரிக்குப் போனவர்களின் இழப்பு 37 விழுக்காடு. லாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரிகளிலிருந்து அரசுக் கல்லூரிகளுக்குப் போனவர்களின் இழப்போ 94 விழுக்காடு. எங்கே போகிறோம் என்பதைப் போலவே எங்கிருந்து போகிறோம் என்பதும் கணக்கைப் புரட்டிப்போடும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

'உங்கள் பாடங்களை ஏற்போம்' என்ற சொல்லை அதன் முழுப் பொருளும் தெரியாமல் நம்புவது அடுத்த தவறு. ஏற்பதில் வகைகள் உண்டு. நீங்கள் படித்த பாடத்தைத் தங்கள் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது ஒன்று. பொதுவான விருப்பப் பாடமாக மட்டும் ஏற்பது வேறொன்று. பட்டத்தில் விருப்பப் பாடங்களுக்கு இருக்கும் இடம் குறைவு என்பதால், இரண்டாம் வகையில் ஏற்கப்பட்டவை மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுமே தவிர, படிக்கும் காலத்தைக் குறைக்காது. அண்மையில் ஒரு கணினி அறிவியல் மாணவியின் கோப்பைப் பார்க்க நேர்ந்தது. மூன்று செமஸ்டர்களில் அவர் தேர்ச்சி பெற்றிருந்த 18 தாள்களில் 14 ஏற்கப்பட்டதாகப் புதிய கல்லூரி சொல்லியிருந்தது. விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது அந்தப் பதினான்கில் ஐந்து விருப்பப் பாடங்களாக இருந்தன. பட்டத்தில் இரண்டுக்குத்தான் இடம். உண்மையில் பயன்பட்டவை 11 தாள்கள் மட்டுமே.

அதைவிடப் பெரிய சிக்கல், நிராகரிக்கப்பட்ட நான்கில் தரவுக் கட்டமைப்பும் ஒன்றாக இருந்ததுதான். அதை முடித்தால்தான் அடுத்த நிலைப் பாடங்கள் மூன்றில் சேர முடியும். அந்தத் தாளோ ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது. ஒரே ஒரு தாளால் முழுதாக ஓராண்டு தள்ளிப்போகும் நிலை. காரணம் என்னவென்று விசாரித்தபோது, அவர் கொடுத்திருந்த ஒரு பக்கப் பாடச்சுருக்கத்தில் ஆய்வகப் பயிற்சி நேரம் குறிப்பிடப்படவில்லை என்பது தெரிந்தது. துறையின் முத்திரையோடு கூடிய முழுப் பாடத்திட்டத்தையும் ஆய்வகப் பதிவேட்டையும் இணைத்து மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தார். அந்தத் தாள் கட்டாயப் பாடமாகவே ஏற்கப்பட்டது. முதல் மதிப்பீட்டை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் ஓராண்டை இழந்திருப்பார். ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் படிக்கும்போதே பெற்றுச் சேர்த்து வையுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். பாடத்திட்டம் திருத்தப்பட்ட பிறகு பழைய பதிப்பைத் தேடிப் பெறுவது மிகவும் கடினம்.

பொதுவான கிரெடிட் முறை இருக்கும் நாடுகளில் இந்தக் கவலையே வேண்டாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஐரோப்பாவில் 1989இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய கிரெடிட் பரிமாற்ற முறையில், முழுநேரப் படிப்பின் ஓராண்டு 60 கிரெடிட்டுகளாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவிலும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் வங்கி முறைக்கான விதிகள் 2021இல் வந்தன. இவை அளவுகோலை ஒன்றாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் எந்தப் பாடம் தன் பட்டத்துக்குப் பொருந்தும் என்பதைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிதான் முடிவு செய்கிறது. இத்துடன், பட்டம் தரும் கல்லூரியிலேயே இவ்வளவு கிரெடிட்டுகள் படித்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச விதி பல இடங்களிலும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்தபின் மாறுவது பெரும்பாலும் நட்டத்தில் முடிவதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

இருக்கும் கல்லூரியிடம் வாய் திறந்து கேட்காமலேயே வெளியேறுவதும் வருத்தம் தரும் தவறு. வேலையிழப்பு, நோய், குடும்பத்தில் ஒரு மரணம் என்று நிலைமை மாறியிருந்தால், அதற்கான சான்றுகளோடு உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யும்படி எழுத்தில் கேட்க வேண்டும். கட்டணத்தைத் தவணைகளாகப் பிரிக்கவும் கேட்கலாம். இதில் தன்மானக் குறைவு எதுவும் இல்லை. முதலாண்டில் சேர்பவர்களைக் கவரவே பல கல்லூரிகள் தங்கள் உதவித்தொகையின் பெரும்பகுதியை ஒதுக்குகின்றன. இடையில் வந்து சேர்பவருக்கு அது கிடைக்காமல் போகலாம். ஆகவே புதிய கல்லூரியின் விளம்பரத்தில் காணும் சலுகை உங்களுக்கும் பொருந்துமா என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

செமஸ்டரின் நடுவில் கோபத்திலோ பதற்றத்திலோ படிப்பை விட்டு விலகக்கூடாது. அமெரிக்காவில் மத்திய அரசின் கல்வி உதவி பெறும் மாணவர், பருவத்தின் 60 விழுக்காட்டைக் கடக்கும் முன் விலகினால், படித்த நாட்களின் விகிதத்துக்கு உரிய உதவி மட்டுமே அவருடையதாகும். மீதி திரும்பிப் போய்விடும், அதனால் விழும் பாக்கியைக் கல்லூரி அவரிடமே கேட்கும். கல்விக் கடன் வாங்கியவர்கள் இடைவெளியையும் கவனிக்க வேண்டும். அங்கே மாணவர்கள் பெறும் மத்திய அரசின் நேரடிக் கடன்களில், படிப்பின் அளவு முழுநேரப் படிப்பில் பாதிக்கும் கீழே இறங்கிய நாளிலிருந்து 6 மாத அவகாசம் ஓடத் தொடங்கும்; அதற்குள் மறுபடி சேராவிட்டால் தவணை கட்ட வேண்டியதுதான். மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கும், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் விலகும் நாளில் என் கடனுக்கும் உதவித்தொகைக்கும் என்ன நேரும்? பழைய கல்லூரியில் பாக்கி இருந்தால் சான்றிதழ்கள் தாமதமாகலாம். அவை இல்லாமல் புதிய இடத்தில் சேர்க்கை முழுமை பெறாது. ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியலும் சேர்க்கை உறுதிக் கடிதமும் எழுத்து வடிவில் கைக்கு வரும்வரை பழைய இடத்தைக் கைவிடாதீர்கள்.

அங்கீகாரத்தைக் கல்லூரியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் உங்கள் பாடப்பிரிவு வரை சென்று பார்க்க வேண்டும். செவிலியம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் உரிமம் பெறுவதற்கு இதுவே அடிப்படை. பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே ஏற்றுக்கொள்ள 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையும் தனித்தனிப் பாடப்பிரிவுகளின் அங்கீகாரத்தையே பொருட்படுத்துகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் அவசரப்பட்டு மாறுகிறவர்களுக்கு. மாற வேண்டிய நேரத்தில் மாறாமல் இருப்பவர்களும் உண்டு. இவ்வளவு கட்டிவிட்டோம், இனி எப்படி விடுவது என்ற எண்ணம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. கட்டிய பணம் இங்கேயே இருந்தாலும் மாறினாலும் திரும்பி வராது. அதனால் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் அப்படியே. பாடங்கள் ஏற்கப்படுவது உறுதியாகி, மொத்தச் செலவும் கணிசமாகக் குறையும் என்று தெரிந்தால், தயங்காமல் மாறலாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஈடு கிடைக்காத உயர்நிலைப் பாடங்கள் கூடிக்கொண்டே போகும். இன்னும் ஒரு செமஸ்டர் இங்கே இருக்க நேர்ந்தால், எந்தத் தாள்களுக்கு ஈடு தருவார்கள் என்று புதிய கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தாள்களை மட்டும் எடுத்துப் படியுங்கள்.