கீபோர்டில் உள்ள லெசன் வசதியைச் சரியாகப் பயன்படுத்த

யமஹா, காசியோ போன்ற கீபோர்டுகள் பலவற்றில் பாடல்களோடு, அவற்றை வாசிக்கக் கற்றுத்தரும் லெசன் வசதியும் உண்டு. பலரும் அதில் 'வெயிட்டிங்' முறையிலேயே நின்றுவிடுகிறார்கள். சரியான கட்டையை அழுத்தும்வரை பாட்டு நமக்காகக் காத்திருக்கும் முறை அது. ஸ்வரங்களை அடையாளம் காண நல்ல வழிதான். ஆனால் அதிலேயே பழகினால் தாளம் கைக்கு வராது. தடுமாறும் இடத்தில் நின்று தேடுவதே பழக்கமாகிவிடும்.

ஸ்வரங்கள் ஓரளவு பிடிபட்டதும் வெயிட்டிங் முறையை நிறுத்திவிட்டு, டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, பாதியாகக் குறைத்து, பாட்டோடு சேர்ந்தே வாசியுங்கள். தவறினாலும் நிற்க வேண்டாம். மெட்ரோனோமில் (தாளத்தைத் தட்டிக்காட்டும் வசதி) பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 50-இல் தொடங்கி, பிழையில்லாமல் வந்தபின் ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். முதலில் வலது கை, பிறகு இடது கை, அதன்பின் இரண்டும். இரு கைகளும் சேரும்போது வேகத்தை மறுபடி குறைத்தே ஆகவேண்டும். இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம்.

முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, சிக்கலான இரண்டு பார்களை (பார் என்பது பாட்டின் ஒரு தாளச் சுற்று) மட்டும், குறித்த பகுதியையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் ஏ-பி ரிப்பீட்டில் சுழலவிடுவது எவ்வளவோ மேல். சுழற்சியை ஒரு பார் முன்னாலிருந்தே தொடங்குங்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த இடத்துக்குள் நுழையும்போதுதான் இருக்கிறது.

திரை எந்தக் கட்டை என்று காட்டினாலும், எந்த விரல் என்று எல்லா மாடல்களிலும் காட்டாது. விரல் எண்களை (கட்டைவிரல் 1 முதல் சுண்டுவிரல் 5 வரை) முதல் நாளே முடிவுசெய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, லெசனை அணைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் ஒருமுறை வாசியுங்கள்.