பழைய ஊரில் ஒரு நாள்: குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்கக் குடும்பமாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஊரைக் கட்டடங்களின் பட்டியலாக நினைத்துக்கொள்வது. கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு, அருங்காட்சியகம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு வருகிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற தெரு அவர்களுக்கு வெறும் வழி. பழைய ஊரில் பார்க்க வேண்டியதே அந்தத் தெருதான் என்பேன். அரண்மனையில் ஓர் அரச குடும்பம் இருந்தது. தெருவில்தான் ஊரே இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 9 மணிக்குப் போய் இறங்கி மாலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, கழிப்பறை, டிக்கெட் வரிசை, எங்கோ விட்டுவிட்ட தொப்பியைத் தேடுவது எல்லாம் போக, நடக்கவும் பார்க்கவும் 4 மணி நேரம் மிஞ்சினால் அதிகம். 5 வயதுக் குழந்தையும் முழங்கால் வலி உள்ள பாட்டியும் கூட வந்தால் இன்னும் குறையும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உள்ளே போய்ப் பார்க்க ஓர் இடம், ஏறிப் பார்க்க ஓர் உயரம், மீதி நேரமெல்லாம் தெரு. அந்த ஓர் இடம் அன்று திறந்திருக்கிறதா என்பதை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

அடுத்தது, காலடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் கிளம்புவது. வரைபடம் தூரத்தைச் சொல்லும், படிகளைச் சொல்லாது. வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் இரண்டு பக்கமும் படிகள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு பாலத்திலும் வண்டியைத் தூக்கி ஏற்றி இறக்க வேண்டும். கல் பாவிய தெருக்களில் சின்னச் சக்கரங்கள் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், தூங்குகிற குழந்தை குலுங்கி எழுந்துவிடும். கைக்குழந்தை என்றால் உடம்போடு கட்டிக்கொள்ளும் தூளிப் பைதான் சரி. செருப்பும் அப்படித்தான். வழுக்காத அடிப்பாகம் உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு வருவோம். கோபுரம் ஏறுவதை மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்து மணிக்கூண்டில் 366 படிகள், மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட இடத்தில் பாதி வழியில் குழந்தை அழுதால், எதிரே வருகிறவர்களையும் பின்னால் வருகிறவர்களையும் தாண்டித் திரும்புவது பெரும்பாடு. கால் புதிதாக இருக்கும் காலையிலேயே ஏறிவிடுங்கள். எல்லோரும் சேர்ந்துதான் ஏற வேண்டும் என்பதும் இல்லை. பெரியவர் ஒருவர் சின்னவர்களோடு கீழே சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கும் அந்த அரை மணி நேரம் ஊரைப் பார்க்கும் நேரம்தான்.

மதில்மேல் நடப்பதற்கும் இதே யோசனை வேண்டும். எல்லா மதிலும் ஒன்றுபோல் இருக்காது. குரோஷியாவின் துப்ரோவ்னிக் மதில் 1,940 மீட்டர். ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள், நிழல் மிகக் குறைவு. கோடையில் நண்பகலில் குழந்தைகளோடு அதில் ஏறுவது தண்டனை. இத்தாலியின் லூக்கா நகர மதில் அதைவிட இரண்டு மடங்கு நீளம், ஆனால் அகலமாக, மரங்கள் நட்டு, பூங்காபோல் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை ஓட விடலாம். இங்கிலாந்தின் யார்க் நகர மதிலில் சில இடங்களில் ஊர்ப்பக்கம் கைப்பிடிச் சுவரே கிடையாது. அங்கே கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். நீளத்தை மட்டும் கேட்காமல் நிழல், அகலம், கைப்பிடி, நடுவில் இறங்கும் படி ஆகியவற்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் தவறு. பிள்ளைகளை நிறுத்தி வைத்து, கைபேசியைப் பார்த்து ஆண்டுகளை வாசிப்பது. "இது இந்த நூற்றாண்டில் இன்னார் கட்டியது" என்று ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்தில் குழந்தையின் கண் புறாவுக்குப் போய்விடும். தப்பு குழந்தை மேல் இல்லை. முதலில் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும், கதை அப்புறம் வரட்டும்.

இலங்கையின் காலிக் கோட்டையில் ஒரு பழைய வாசல் இருக்கிறது. வெளிப்பக்கம் பிரிட்டிஷ் அரசுச் சின்னம். வாசலைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகளும் 1669 என்ற ஆண்டும் ஒரு சேவலும் செதுக்கியிருக்கும். "இந்த வாசலில் ஒரு சேவல் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும், வெளியே வேறு சின்னம் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவர் கைக்குக் கோட்டை மாறியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது.

ப்ராக் நகரத்து நெருடோவா தெருவில் வீட்டு வாசல்களுக்கு மேலே மூன்று வயலின், இரண்டு சூரியன் என்று சின்னங்கள் இருக்கும். 1770இல் வீடுகளுக்கு எண் கொடுக்கும் வரை அவைதான் முகவரி. நம் வீட்டுக்கு எண் இல்லாவிட்டால் என்ன சின்னம் வைப்போம் என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த நான்கு தெருவுக்குப் பேச்சு ஓயாது. ஆம்ஸ்டர்டாமில் வீட்டு முகப்பின் உச்சியில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மாடிப்படி குறுகல் என்பதால், கட்டில் பீரோவையெல்லாம் கயிற்றில் கட்டி வெளிப்பக்கமாக மேலே ஏற்றுவதற்கு வைத்தது அது. யார்க்கில் பல தெருப்பெயர்கள் "கேட்" என்று முடியும். அது வாசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அல்ல, வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங்குகள் தெருவுக்குச் சொன்ன சொல். உண்மையான வாசலை அங்கே "பார்" (bar) என்கிறார்கள். இப்படி ஊருக்கு இரண்டு மூன்று விஷயங்களை முதல் நாள் இரவு படித்து வைத்துக்கொண்டால் போதும். வழிகாட்டி நூல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பழைய ஊர் கண்காட்சித் திடல் இல்லை, ஆட்கள் குடியிருக்கிற இடம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, ஒருவர் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பது, துணி காயப்போடுகிறவரைக் கேட்காமல் படம் எடுப்பது எல்லாம் அவர்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகவே கேட்டு நடப்பார்கள்.

தொலைந்துபோவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயரமான சுவர்களுக்கு நடுவே குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறும், நாம் நிற்கும் இடத்தைப் பக்கத்துத் தெருவில் காட்டும். அதை மட்டும் நம்பிப் பிரிந்து போகாதீர்கள். ஊருக்குள் நுழைந்ததும், பல இடங்களிலிருந்தும் தலை தூக்கினால் தெரிகிற ஒரு கோபுரத்தைக் காட்டி, பிரிந்துவிட்டால் அதன் அடியில் சந்திப்போம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் பையில் வையுங்கள். அன்று போட்டிருக்கும் உடையில் காலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு மணி நேரத்துக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். காலையில் பார்த்ததில் எங்கே மறுபடி போகலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உச்சி வெயிலில் கண்ணில் படாத தேய்ந்த எழுத்துகள்கூட, வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது நிழல் கட்டித் துலக்கமாகத் தெரியும். கல்லில் இருக்கும் ஆண்டை அவர்களே தடவிப் படிக்கட்டும்.