சிஓ கணக்கு: காலிக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு

வட சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். ஒரு பாடத்தை முடித்ததும் மாணவருக்கு என்னென்ன வர வேண்டும் என்று பட்டியல் போடுவோம், அதில் ஒவ்வொன்றும் ஒரு சிஓ (கோர்ஸ் அவுட்கம்). எத்தனை பேர் அதை எட்டினார்கள் என்பதே சிஓ அட்டெய்ன்மென்ட். போன செமஸ்டர் அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் வேறு வேறு விடை. தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தப்பு பிடிபட்டது.

இதற்கென்றே விற்கும் மென்பொருள்கள் உண்டு. எனக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். விடை எங்கிருந்து வந்தது என்று கட்டத்தைத் தொட்டாலே தெரியும்.

முதலில் ஒரு ஷீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நெடுவரிசை. அதன் தலையில் எந்த சிஓ, முழு மதிப்பெண் எவ்வளவு, புளூம் நிலை (நினைவில் வைத்துச் சொல்வதா, புரிந்து எழுதுவதா, பயன்படுத்துவதா என்ற தரம்) என்ன என்று எழுதுங்கள். கீழே மாணவர்களின் மதிப்பெண்கள்.

அடுத்தது இலக்கு. ஒரு கேள்வியின் முழு மதிப்பெண்ணில் நான் வைப்பது 60 சதவீதம். 13 மதிப்பெண் கேள்விக்கு 7.8 வருகிறது, அதனால் 8. அந்தக் கேள்வியை எழுதியவர்களில் 60 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டால் அட்டெய்ன்மென்ட் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3. உங்கள் துறை வேறு அளவு வைத்திருந்தால் அதையே போடுங்கள்.

இப்போது நான் சறுக்கிய இடம். பகுதி ஆ-வில் 11அ அல்லது 11ஆ, ஏதாவது ஒன்றைத்தானே எழுதுவார்கள்? எழுதாத கட்டங்களில் நான் பூஜ்யத்தை இழுத்து நிரப்பிவிட்டேன். வகுப்பில் 60 பேர், 2 பேர் வரவில்லை. 11அ எழுதியவர்கள் 20, அதில் 15 பேர் 8-ஐத் தொட்டார்கள். சரியான கணக்கு 75 சதவீதம், நிலை 2. என் ஷீட் 60-ஆல் வகுத்து 25 சதவீதம் என்றது. "பசங்க இவ்வளவு மோசமா சார்?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

ஆகவே சாய்ஸில் விட்டதைக் காலியாக விடுங்கள். கட்டாயக் கேள்வியை எழுதாமல் விட்டால் மட்டும் பூஜ்யம். வராதவருக்கு 'ஏபி'. வகுத்தலில் மேலே கவுன்ட்இஃப் (இலக்கைத் தொட்டவர்களை எண்ணும்), கீழே வகுக்க கவுன்ட் (எண் இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணும்). கவுன்ட்ஏ வேண்டாம், அது 'ஏபி'யையும் ஆளாக எண்ணிவிடும்.

லேபுக்கு கூகுள் ஃபார்மில் ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணை) போட்டு போனிலேயே குறிக்கிறேன். கைவேலையும் விளக்கமும் தனித்தனி வரி. காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கிற வீட்டுப் பையன் வால்வ் டைமிங்கைக் கண்மூடிச் சொல்வான், ரெக்கார்டில் நாலு வரி எழுத மாட்டான். ஒரே மதிப்பெண்ணாகப் போட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

பிற்சேர்க்கை: அ, ஆ இரண்டையுமே விட்டவருக்கு என்ன போடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் யோசிக்கவே இல்லை. வினாத்தாள் எடுக்கும்போதே இரண்டையும் ஒரே சிஓ-வில் வையுங்கள். அப்புறம் ஏதாவது ஒன்றில் பூஜ்யம் போட்டு, கணக்கில் இரண்டு நெடுவரிசையையும் சேர்த்தே எண்ணலாம்.

இன்னொருவருக்கு கவுன்ட் குறைவாக வந்ததாம். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய எண்கள் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும், கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வேல்யூ ஃபார்முலா போட்டு எண்ணாக்குங்கள்.