பழவேற்காடு போகிறீர்களா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

டிசம்பர் விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, வந்த கையோடு பழவேற்காடு (புலிகாட்) ஏரிக்குப் போய், பூநாரையே (ஃபிளமிங்கோ) கண்ணில் படவில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் தண்ணீர். பூநாரை ஆழம் குறைந்த நீரில் நின்று மேயும் பறவை. காலால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, அலகுக்குள் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் ஏரியை நிரப்பிவிட்டால் அதற்கு மேய்ச்சல் கிடையாது. ஆழமில்லாத இடம் தேடி நகர்ந்துவிடும். தண்ணீர் வடிய வடியத்தான் கூட்டம் சேரும்.

ஆகவே பயணத்தை நீங்கள் முடிவு செய்யலாம் என்றால், பொங்கல் கழிந்து பிப்ரவரி வரைக்கும் உள்ள நாட்களைப் பிடியுங்கள். டிசம்பர்தான் வாய்க்குமென்றால் பெருமழை ஓய்ந்து ஒரு வாரமாவது விட்டுப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வலசைப் பறவைகளை எதிர்பார்க்க வேண்டாம். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, செம்பருந்து இருக்கும்.

வடசென்னையில் தங்கியிருப்பவர்களுக்கு வழி சுலபம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று எங்கே ஏறினாலும் கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயில் பொன்னேரியில் இறக்கிவிடும். எண்ணூர் தாண்டியதும் ஜன்னலோரம் இருங்கள். கொசஸ்தலை ஆற்றுக் கழிவெளியில் கூழைக்கடா (பெலிகன்) தென்படலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்கள் இந்த எண்ணூர்க் கழிமுகத்தில்தான் தவித்தன. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர், பஸ் உண்டு. காரில் போனால் செங்குன்றம், தச்சூர் கூட்டுரோடு வழியே பொன்னேரி போய்விடுங்கள். எண்ணூர், மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கினால் காலை வெளிச்சம் அங்கேயே போய்விடும். கழிப்பறைத் தேவையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது, பெரியவர்கள் கூட வந்தால் கட்டாயம்.

1980இல் சரணாலயமான தமிழகப் பகுதியில், ஊர்க்கரையிலிருந்தே ஆலா, கடற்காகம், சேற்றில் இரை தேடும் உள்ளான் வகைகளைப் பார்க்கலாம். பூநாரைக் கூட்டமே குறி என்றால் ஆந்திரப் பக்கம் போக வேண்டும். ஏரியின் பெரும்பகுதி அங்கேதான். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியை ஊடறுத்துப் போகிறது. சாலை கிழக்கு மேற்காகப் போகிறது, குளிர்காலச் சூரியனோ தெற்கே சாய்ந்து நிற்கும். வடபுறம் பார்த்து நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழும், இளஞ்சிவப்பு தெளிவாகத் தெரியும். தென்புறம் பார்த்தால் பறவை வெறும் கறுப்பு நிழல்தான். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும், விலையுயர்ந்த லென்ஸும் அதன் முன் பயன்படாது. காலை ஆறரைக்கு அங்கே இருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். தூரத்துக் கூட்டத்துக்கு முக்காலியோடு ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) இருந்தால் இன்னும் நல்லது. விண்வெளி மையத்தின் சோதனைச் சாவடியோடு திரும்பிவிட வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்த வட்டாரத்தில் அதை ஏற்றினால் பறவைகளும் கலையும், சட்டச் சிக்கலும் வரும்.

பிள்ளைகள் கூட இருந்தால், சூளூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்த மண்ணாகத் தெரியும், இரண்டடி வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். பறவைகளுக்கும் அது கேடு. மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் தலையைத் தூக்கிக் கழுத்தை நிமிர்த்தி, ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படியே நின்றுவிடுங்கள். இன்னும் ஓர் அடி வைத்தால் கூட்டம் மொத்தமும் எழும்பும். நீண்ட வலசைக்குக் கொழுப்பு சேர்க்க வந்திருக்கும் உள்ளான்களுக்கு ஒவ்வொரு எழும்பலும் இழப்பு.

படகு விஷயத்தில் சமரசம் வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை. கரையில் யாராவது கூப்பிட்டு, விலையையும் குறைத்துச் சொன்னாலும் ஏறாதீர்கள். கரையிலிருந்தே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

வெயில் ஏறியபின் பழவேற்காட்டு ஊரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம். மீன் அங்காடியில் நண்டும் இறாலும் வாங்குவதென்றால் ஐஸ் பெட்டியும் சில்லறை நோட்டும் கையோடு கொண்டுபோங்கள். வெளிநாட்டு கார்டு அங்கே உதவாது.