இடது காதுக்குக் கிராஸ் கருவி: தடை காதில் இல்லை, குமிழில்
ஒரு காலை இடது காது திடீரென அடைத்தது. அழுக்கு என்று நினைத்து பத்து நாள் எண்ணெய் விட்டேன், அதுதான் தவறு. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் கேட்டல் பரிசோதனை செய்து, நரம்புக் கோளாறு என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்குவதுதான் நல்லதாம். எடுத்தும் கேட்கவில்லை. சாதாரணக் காது மெஷினில் சத்தம் கூடியதே தவிர சொல் புரியவில்லை.

அப்புறம் கிராஸ் கருவி: கேளாத காதில் மைக், அது ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும். ஆனால் எல்லாரும் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தது. நல்ல காதில் மாட்டிய சிலிக்கோன் குமிழில் துளையே இல்லை, இயல்பாக வரும் ஒலியை அது அடைத்திருந்தது. துளையுள்ளதாக மாற்றியதும் சரியானது. இங்கே காரில் ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கம் உட்காரும் மனைவி பேசுவது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்குப் போய்ச் சேரும் வரை தெளிவாகக் கேட்கிறது. கோயிலில் மேளம் இடப்பக்கம் வந்தால் மட்டும் மைக்கை நிறுத்திவிடுகிறேன்.