பாயைச் சுருட்டும் முன் ஒரு பக்கம்: யோகாவும் படைப்பும் சேர்ந்த 20 நிமிடப் பழக்கம்

யோகா செய்யலாம் என்று ஒரு பாய் வாங்கினேன். வரையப் பழகலாம் என்று கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றும் வாங்கினேன். பாய் அலமாரிக்குப் பின்னால் சுருண்டு நின்றது. முதல் பக்கம் வீணாகிவிடுமோ என்ற பயத்தில் நோட்டைத் தொடாமலே ஒரு வருடம் போனது. காலையில் யோகா, இரவில் ஓவியம் என்று தனித்தனியாக அட்டவணை போட்டதுதான் தப்பு. அதற்கு இரண்டு வைராக்கியம் வேண்டும். என்னிடம் அரை வைராக்கியம்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் நோட்டைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனத்தில் படுத்தேன். எழுந்ததும் கை அதைத்தான் எடுத்தது. அன்றிலிருந்து எனக்கு இரண்டும் ஒரே வேலை. உடம்பைக் கொஞ்சம் அசைத்து, மூச்சை நிதானமாக்கி, அந்த நிதானம் கலைவதற்குள் ஒரு பக்கம் வரைவது அல்லது எழுதுவது. மொத்தம் 20 நிமிடம். யோகாவும் தெரியாது, வரையவும் வராது என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: நேரம் தேட வேண்டாம், ஒட்ட வையுங்கள்

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்றால் செய்யப் போவதில்லை என்று பொருள். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும் பாய். அல்லது வேலை முடிந்து வந்து உடை மாற்றியதும் பாய். எந்த மணி என்பது முக்கியமில்லை, எதற்கு அடுத்து என்பதுதான் முக்கியம். வயிறு மட்டும் காலியாக இருக்கட்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரமாவது போகட்டும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆனது. 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டவரும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பது அதில் எனக்குப் பிடித்த செய்தி.

படி 2: பொருட்கள்

வழுக்காத பாய் ஒன்று, கோடு போடாத சாதாரண நோட்டு ஒன்று, பேனா ஒன்று. விலை உயர்ந்த நோட்டு வேண்டவே வேண்டாம், அதில் கிறுக்க மனசு வராது. பென்சிலும் வேண்டாம். பென்சில் இருந்தால் ரப்பர் வரும், ரப்பர் வந்தால் வரைவதற்கென்று ஒதுக்கிய ஆறு நிமிடமும் அழிப்பதிலேயே போய்விடும்.

போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில்தான் டைமர் வைக்க வேண்டும் என்றால் திரையைக் கவிழ்த்து வையுங்கள். நான் பல நாள் டைமரை நிறுத்தப் போய், ஏதோ ஒரு செய்தியைப் படித்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

படி 3: சும்மா நில்லுங்கள் (1 நிமிடம்)

இதற்குத் தாடாசனம் என்று பெயர். பாதங்களை இடுப்பளவு தள்ளி வைத்து நேராக நில்லுங்கள். கால் விரல்களை ஒரு முறை தூக்கி, விரித்து, ஒவ்வொன்றாகத் தரையில் இறக்குங்கள். எடை எங்கே இறங்குகிறது? பெரும்பாலும் ஒரு கால்தான் அதிகம் சுமந்துகொண்டிருக்கும். உடனே திருத்த வேண்டாம், முதலில் எந்தக் கால் என்று கவனியுங்கள். பிறகு மெல்லச் சமன் செய்யுங்கள். இந்தக் கவனிப்பு ஆறாவது படியில் கைகொடுக்கும்.

படி 4: நான்கு அசைவுகள் (7 நிமிடம்)

முதலில் மார்ஜாரி ஆசனம், பூனை நிலை. தவழும் நிலைக்கு வாருங்கள். உள்ளங்கைகள் தோளுக்கு நேர் கீழே, முட்டிகள் இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை இழுத்தபடி வயிற்றைக் கீழே இறக்கி, மார்பை முன்னால் திறங்கள். மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்துத் தலையைத் தொங்க விடுங்கள். எட்டு முறை போதும். புதிதாகச் செய்கிறவர்கள் கழுத்தைத்தான் வேகமாக ஆட்டுவார்கள். அசைவு வால் எலும்பில் தொடங்கி, எலும்பு எலும்பாக ஏறி, தலை கடைசியாக வர வேண்டும். விரல்களை நன்றாக விரித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியால் தரையை அழுத்துங்கள். இல்லாவிட்டால் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். பிறகு பேனா பிடிக்கப் போவதும் அதே கைதான்.

அடுத்து, எழுந்து நின்று, மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள். ஐந்து முறை.

மூன்றாவது விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்று, மற்றப் பாதத்தைக் கெண்டைக் காலிலோ உள் தொடையிலோ வையுங்கள். நேராக முட்டி மூட்டின்மீது மட்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் சுவர் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அசையாத ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஐந்து மூச்சு, பிறகு கால் மாற்றுங்கள். கண்ணை மூடினால் ஏன் உடனே ஆடுகிறோம் என்று இங்கே புரியும்: உடம்பு நிலையாக நிற்கப் பார்வையையும் ஒரு கைத்தடியாகப் பிடித்துக்கொள்கிறது.

கடைசியில் பாலாசனம். முட்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, குனிந்து நெற்றியைத் தரையில் வையுங்கள். முட்டி வலித்தால் தொடைக்கும் கெண்டைக்கும் நடுவே தலையணை ஒன்றைச் செருகுங்கள். நெற்றி எட்டாவிட்டால் இரு முஷ்டிகளையும் அடுக்கி, அதன்மேல் வையுங்கள்.

எவ்வளவு தூரம் நீட்ட வேண்டும் என்று கேட்காதவர்கள் குறைவு. யோகாவின் பழைய அடிப்படை நூலில் இருக்கும் பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. அந்த மூன்றில் முதலாவது, ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எனக்குத் தெரிந்து தொடக்கக்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் சுகம் போய்விட்டது, கொஞ்சம் பின்வாங்குங்கள். தொளதொளவென்று கிடந்தால் உறுதி போய்விட்டது, கொஞ்சம் முயலுங்கள்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உயர் ரத்த அழுத்தமோ கிளாகோமா என்ற கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலை தாழும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். அவர்களும் கர்ப்பிணிகளும் முதுகுத் தண்டில் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. சுரீரென்ற வலியோ மரத்துப்போதலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

படி 5: மூச்சு, அப்புறம் சவாசனம் (6 நிமிடம்)

வசதியாக உட்காருங்கள். சம்மணம் வராவிட்டால் நாற்காலியே போதும். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூன்று நிமிடம். மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளை ஒரு ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தைப் படித்துச் செய்ய வேண்டாம். விடுகிற மூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்றால், மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது குறைகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நிதானமாக மூச்சு விட்டுப் பார்த்தால் சிலருக்குத் துடிப்பு மெதுவாவது விரலிலேயே தெரியும்.

பிறகு மல்லாந்து படுங்கள். கைகள் உடம்பை விட்டுத் தள்ளி, உள்ளங்கை மேலே பார்த்தபடி. மூன்று நிமிடம். (கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும்.) எழும்போது வெடுக்கென்று எழாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, கையூன்றி எழுங்கள்.

பாயைச் சுருட்டாதீர்கள். பாய் சுருண்டால் நாள் தொடங்கிவிடும், அடுத்த வேலை கூப்பிடும்.

படி 6: ஒரு பக்கம் (6 நிமிடம்)

இதுதான் பலரும் பயப்படுகிற இடம். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

முதல் இரண்டு வாரம் வரைவதை மட்டும் செய்யுங்கள், அதுவும் ஒரே விஷயத்தை: உங்கள் கால். பாயில் உட்கார்ந்து இடது காலை நீட்டுங்கள். பேனா முனையைத் தாளில் வையுங்கள். கண் குதிகாலின் விளிம்பில் இருக்கட்டும். அந்த விளிம்பில் ஒரு எறும்பு ஊர்ந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு போகிற வேகத்தில் கண் போக வேண்டும், கண் போகிற வேகத்தில் பேனா போக வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. பேனாவைத் தூக்கக் கூடாது. குதிகால், உள்வளைவு, கட்டைவிரலின் மேடு, நகத்தின் ஓரம், விரல்களுக்கு நடுவே இறங்கி ஏறும் பள்ளங்கள். மூன்று நிமிடம் கழித்துத் தாளைப் பாருங்கள்.

கோரமாக இருக்கும். என் முதல் படத்தில் ஆறு விரல்கள் இருந்தன, குதிகால் எங்கோ பக்கத்தின் மூலைக்குப் போயிருந்தது. ஆனால் கட்டைவிரலின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மேடு விழுந்திருந்தது. காலைத் திருப்பிப் பார்த்தேன், அங்கே நிஜமாகவே அப்படி ஒரு மேடு. அது என் காலில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

பழகாதவர்கள் வரையும்போது கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை, மனதில் இருக்கும் "கால்" என்ற பொம்மையை வரைகிறார்கள். தாளைப் பார்க்காதபோது அந்தப் பொம்மையை நகலெடுக்க வழியில்லை. மூன்றாவது படியில் எந்தக் கால் எடை தாங்குகிறது என்று திருத்தாமல் கவனித்தோமே, அதே வேலைதான் இது. அங்கே பாதத்தால், இங்கே பேனாவால். யோகா முடிந்த கையோடு இதைச் செய்யச் சொல்வதற்கு அதுவே காரணம். காலையில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எறும்பு ஓடும், ஊராது.

மீதி மூன்று நிமிடம் வலது கால், அல்லது பேனா பிடிக்காத கை.

வரைவதில் சுத்தமாக ஆர்வம் இல்லையா? சரி, எழுதுங்கள். மூன்றே வரி: இப்போது கண்ணில் படும் ஒன்று, காதில் விழும் ஒன்று, உடம்பில் தெரியும் ஒன்று. ஒரே ஒரு நிபந்தனை, கருத்துச் சொல்லக் கூடாது. "மனசு சரியில்லை" என்று எழுதாதீர்கள். "இடது தோள் காதுவரை ஏறி நிற்கிறது" என்று எழுதுங்கள். கதையோ கவிதையோ எழுத நினைப்பவர்களுக்கு இந்த மூன்று வரிகள் நல்ல சரக்கு. பாடுபவர்கள் பிராமரி செய்யலாம்: வாயை மூடி, மூச்சு விடும்போது வண்டுபோல ரீங்காரம். ஆறு முறை செய்த பிறகு அந்தச் சுருதியிலேயே நினைத்தபடி இழுத்துப் பாடுங்கள்.

முடிந்ததும் மூலையில் தேதி போட்டு நோட்டை மூடுங்கள். முதல் மாதம் யாருக்கும் காட்ட வேண்டாம், படம் பிடித்துப் பகிரவும் வேண்டாம். நான்கு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் கை அழகாக வரையப் பார்க்கும், கண் வேலையை விட்டுவிடும்.

பாய்க்கு வெளியே

நாள் முழுக்க இதைத் தூவிக்கொள்ளலாம். வரிசையில் நிற்கும்போது தாடாசனம், யாருக்கும் தெரியாது. கணினி திறந்து வருவதற்குள் நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுங்கள். நெடுநேரம் எழுதுபவர்கள், தைப்பவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள் அரை மணிக்கு ஒரு முறை கையை முன்னால் நீட்டி, மறு கையால் விரல்களை மெல்லப் பின்னால் இழுத்துப் பத்து எண்ணுங்கள். பிறகு கையைக் கீழ்நோக்கி மடக்கிப் பத்து. இது மட்டும் பழகினாலே மணிக்கட்டு நன்றி சொல்லும்.

செய்ய முடியாத நாள்

காய்ச்சல், பயணம், விருந்தாளி, சோம்பல். வரும். அன்றைக்கென்று ஒரு குட்டிப் பதிப்பு வைத்திருங்கள். என்னுடையது இது: படுக்கையில் உட்கார்ந்தபடி நீளமாக மூன்று மூச்சு, நோட்டில் ஒரே ஒரு கோடு, தேதி. ஒரு நிமிடம்கூட ஆகாது. என் நோட்டில் ஒரு வாரம் முழுக்க ஏழு பக்கங்களில் ஏழு கோடுகள் மட்டும் இருக்கின்றன. எட்டாவது பக்கத்தில் மறுபடியும் ஒரு கால், இந்த முறை சரியாக ஐந்து விரல்.