குரு இல்லாத பக்கங்களைப் பாருங்கள்

சிறுவர் மாயக்கதையில் வரும் வழிகாட்டியைப் பற்றி எழுதச் சொன்னால், "அறிவாளி, நாயகனுக்கு உதவினார்" என்று நாலு வரியில் முடித்துவிடுகிறோம். அதை விட்டுவிட்டு, அவர் எங்கே இல்லை என்று குறித்துப் பாருங்கள்.

1937இல் வந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் நாயகன் பில்போவின் குள்ளத் தோழர்கள் ட்ரோல் என்னும் பூதங்களிடம் மாட்டியபோது, வழிகாட்டியான மந்திரவாதி காண்டால்ஃப்தான் குரல் மாற்றிப் பேசி, விடியும்வரை அவர்களைச் சண்டைபோட வைத்து, வெயில் பட்டதும் கல்லாக விடுகிறார். பில்போ புதருக்குள் கிடக்கிறான், பாவம். மொத்தம் 19 அத்தியாயம். 7ஆவதன் முடிவில், மிர்க்வுட் காட்டின் வாசலில் அவர் கிளம்பிப் போனால் 16இல்தான் திரும்பத் தலைகாட்டுகிறார். அந்த இடைவெளியில்தான் பில்போ தனியாளாகச் சிலந்தியைக் கொன்று தன் வாளுக்குப் பெயர் வைக்கிறான், சிறையிலிருந்த குள்ளர்களைப் பீப்பாயில் அடைத்துத் தப்பவைக்கிறான், டிராகனிடமே போய்ப் பேச்சுக்கொடுக்கிறான்.

சரி, எப்படி எழுதுவது? ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, அவர் இருக்கும்போது சிக்கலை அவிழ்த்தது யார், இல்லாதபோது யார் என்று அத்தியாய எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரைக்கு ஆதாரம் தேடி அப்புறம் அலைய வேண்டாம். இன்னொன்று, அவர் வேண்டுமென்றே விலகினாரா, வேறு வேலை இருந்ததா என்றும் பாருங்கள். காண்டால்ஃப்புக்குத் தெற்கே அவசர வேலை இருந்தது.